ராபினை மாற்றலாம், ஆனால் எப்படி?

பேட்மேன் என்றதும் பக்கத்தில் ராபின் நிற்பது மனக்கண்ணில் தானாகவே வந்துவிடும், இராமனுக்கு இலட்சுமணன் போல. ஆனால் அந்த ராபின் ஒருவரல்ல, பலர் என்பது நம் அன்பர்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ராபினை மாற்றியபோதெல்லாம் அமெரிக்க வாசகர்களில் ஒரு சாராராவது கொதித்திருக்கிறார்கள். "பொம்மைப் புத்தகத்துக்குப் போய் இத்தனை கோபமா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் தொற்றிய காமிக்ஸ் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் ராபின் டிக் கிரேசன், 1940-ல் அறிமுகமானவன். சர்க்கஸில் பார் விளையாடிய தாய் தந்தையரைப் பறிகொடுத்த சிறுவன். நாற்பதாண்டுக்கு மேல் வாசகர்களோடு வளர்ந்து, 1984-ல் 'நைட்விங்' என்று தனிப் பெயரோடு தனி வழி போனான். நீராவி என்ஜினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் ஒருநாள் டிரைவர் ஆவதில்லையா? அது பதவி உயர்வு. அதில் யாருக்கும் வருத்தமில்லை.

கோளாறு வந்தது காலியான இடத்தை நிரப்பியதில்தான். 1983-ல் ஜேசன் டாட் என்ற பையனைக் கொண்டு வந்தார்கள். அவனும் சர்க்கஸ், அவன் பெற்றோரும் பார் விளையாட்டுக்காரர்கள், அவர்களும் கொல்லப்பட்டார்கள்! தலைமயிருக்குக்கூடக் கறுப்புச் சாயம் பூசி டிக் போலவே நிறுத்தினார்கள். இயந்திரத்தில் ஒரு பாகம் தேய்ந்தால் அதே டிராயிங் எண்ணுக்கு இன்னொன்றைக் கடைந்து மாட்டலாம். மனிதனை அப்படி மாட்ட முடியுமா? பிறகு 1987-ல் பேட்மேனின் காரிலிருந்தே டயர் திருடும் தெருப்பையனாக அவன் பூர்வீகத்தை மாற்றி எழுதினார்கள். முன்கோபியாக வளர்ந்த அவனை வாசகர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை.

அப்போது பதிப்பாசிரியர் குழு செய்த காரியம்தான் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. 1988-ல் ஜோக்கரின் வெடிகுண்டில் ஜேசன் சிக்கிய கட்டத்தில் கதையை நிறுத்தி, இரண்டு தொலைபேசி எண்களை அச்சிட்டார்கள். ஒன்று அவன் பிழைக்க, மற்றொன்று அவன் சாக. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம், 36 மணி நேரக் கெடு. பிழைக்கட்டும் என்று 5271 அழைப்புகள். சாகட்டும் என்று 5343. வெறும் 72 வித்தியாசத்தில் பையன் செத்தான். ஒருவரே பத்து முறை அழைத்தாலும் தடுக்க வழியில்லை.

எங்கள் இலாகாவில் ஒரு பழைய என்ஜினைக் கண்டம் செய்வதென்றால்கூடப் பொறுப்பான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே கையெழுத்து யாருடையது? பாத்திரத்தைச் சரியாக வளர்க்காதது இவர்கள். பழி வாசகன் தலையில். அதற்குக் காசும் வாசகனுடையது!

அடுத்து வந்த டிம் டிரேக்கை வாசகர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1989-ல் வந்த அவன் யாருக்கும் நகல் அல்ல. பேட்மேன் யார் என்பதைத் தன் மூளையால் கண்டுபிடித்தவன். ராபின் இல்லாமல் பேட்மேன் நிலை தடுமாறுகிறார் என்று வாதாடியவன். உடையை உடனே கொடுத்துவிடவில்லை; ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, பயிற்சி பெற்று, தனக்கென்று தைத்த புதிய உடையில் வந்தான். வாசகனுக்கும் பழைய துக்கம் ஆற அவகாசம் கிடைத்தது.

இந்தப் பாடத்தை அவர்களே பிறகு மறந்தார்கள். 2004-ல் ஸ்டெஃபனி பிரவுன் என்ற பெண்ணை ராபினாக்கி, சில இதழ்களிலேயே நீக்கி, அதே வருடம் சாகவும் வைத்தார்கள். ஜேசனின் உடையைக் குகையில் கண்ணாடிப் பேழையில் வைத்த பேட்மேன், அவளுக்கு அதுவும் வைக்கவில்லை. வாசகர்கள் சேர்ந்து இயக்கம் நடத்தியே கேட்டார்கள். அவர்கள் கேட்டது ஒரு கண்ணாடிப் பெட்டியையா? உழைத்தவளுக்கு உரிய மரியாதையைத்தானே? 2009-ல் பேட்மேனின் மகன் டேமியனுக்கு இடம் கொடுக்க டிம் ஒதுக்கப்பட்டபோதும் இதே மனக்குறைதான்.

செத்த ஜேசனையும் ஸ்டெஃபனியையும் பின்னாளில் உயிரோடு கொண்டு வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அவர்களை விட முடியாமல்தானே கொண்டு வந்தார்கள்?

இளைஞர்கள் வரத்தான் வேண்டும். பழையவர் நகரத்தான் வேண்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் சங்கத்திலும் இதுதான் நியதி. ஆனால் போகிறவரைக் கௌரவமாக அனுப்புங்கள். வருகிறவரை அவர் முகத்தோடு வரவிடுங்கள். காலூன்ற அவகாசம் கொடுங்கள். முடிவெடுத்தவர் அதைத் தன் முடிவு என்று சொல்லட்டும். அந்த அமெரிக்க வாசகர்கள் கேட்டது இவ்வளவுதான். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.