பூனையின் வர்ணமும் ஜீன்களின் அதிகாரமும்

பூனையின் ரோமத்தில் காணும் வர்ணங்களும் கோலங்களும் அதன் ஜீன்களில் முன்கூட்டியே முற்றாக வரையறுக்கப்பட்டவை, ஆதலால் ஜீன்கள் ஒன்றாயின் கோலமும் ஒன்றே என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது. செல்லப் பூனையை இழந்து துயருறுவோரிடம், நகலாக்கத்தினால் அதே பூனையைத் திரும்பப் பெறலாம் என்ற வீண் நம்பிக்கையை ஊட்டுவதும் இந்த அபிப்பிராயமே என்பதால், இதை மறுக்காமல் விடுவதற்கில்லை.

ஜீன்கள் ஒன்றாயிருந்தும் கோலம் வேறாகும் என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி உண்டு. அமெரிக்காவிலுள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், 'ரெயின்போ' என்ற மூவண்ணப் பெண் பூனையின் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து உண்டாக்கப்பெற்று, 2001 டிசம்பர் 22-ஆம் தேதி பிறந்த முதல் நகல் பூனையாகிய 'சிசி'யின் மேனியில், ரெயின்போவின் செந்நிறம் மருந்துக்கும் இல்லை. வெண்மையும் பழுப்பு வரிகளுமே இருந்தன. செந்நிறத்துக்குரிய ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு அத்தகைய குரோமோசோம் இரண்டு உண்டென்பதும், கருவின் ஆரம்ப தசையிலேயே ஒவ்வோர் உயிரணுவும் அவ்விரண்டில் ஒன்றை யதேச்சையாக அடக்கிவிட, அதன் சந்ததி அணுக்களும் அதையே அடக்கி வைத்திருப்பதால் செந்திட்டும் கருந்திட்டும் தோன்றுகின்றன என்பதும், மேரி லயன் அம்மையார் 1961-இல் வெளியிட்ட கொள்கையிலிருந்து விளங்கும். சிசிக்கு உட்கரு வழங்கிய ஒற்றை அணுவிலோ செந்நிறக் குரோமோசோம் முன்பே அடங்கிவிட்டிருந்தது. நகலாக்கம் அந்த அடக்கத்தை நீக்கவில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கொள்ளும் விளக்கம். 2025-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் செந்நிறத்தின் ஜீனை இனங்கண்டு வெளியிட்டது மகத்தான சாதனைதான். ஆயினும் பூனைக்குச் செம்மை உண்டா என்பதை அந்த ஜீனைக் கொண்டு சொல்லலாமேயன்றி, அது தோளில் படியுமா, வாலில் படியுமா என்பதைச் சொல்ல இயலாது.

ஆண் பூனை ஒருகாலும் மூவண்ணம் பெறாது, அதுவே ஜீன் விதியின் அசையாமைக்கு அத்தாட்சி என்பாரும் உளர். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்றே என்பதால் இது பெரும்பாலும் மெய்யே. எனினும், பெற்றோரின் இனவணுக்கள் உருவாகும்போது நேரும் பிறழ்ச்சியால் இரண்டு எக்ஸும் ஒரு வொய்யும் கொண்டு பிறக்கும் ஆண் பூனைகள் உண்டு. மூவண்ணப் பூனைகளில் ஏறத்தாழ 3,000-க்கு ஒன்று ஆண் என்பது கணக்கு. இவற்றுள் அநேகம் சந்ததியற்றவை.

இனத்தூய்மை பேணி வளர்க்கப்படும் சயாமியப் பூனைகளுக்காவது கோலம் ஸ்திரமானதன்றோ என்று கேட்கலாம். அவற்றின் நிறமியை உண்டாக்கும் நொதி வெப்பத்தில் செயலிழப்பது; ஆதலின், தாயின் கதகதப்பான கருப்பையில் வளர்ந்த குட்டி வெண்மையாகவே பிறந்து, பின்னர் காது, முகம், பாதம், வால் ஆகிய குளிர்ந்த அங்கங்களில் மட்டும் கருமை கொள்கிறது. முதுகின் ரோமத்தைச் சிரைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்து வளர்த்தால், அங்கே புதிதாக முளைக்கும் ரோமமும் கருமையாகவே வருகிறது. அதன் ஜீன்களிலோ யாதொரு மாறுதலும் இல்லை.