முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்

உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வயல்வெளியில் அலைவது இங்கிலாந்துக்காரர்களுக்குத் தூண்டில் போடுவதைப் போல ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அந்த ஆசை நம்மவர்களில் சிலரையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் இல்லை. என் வழக்கெல்லாம், புதிதாகத் தொடங்குகிறவனுக்கு யோசனை சொல்லக் கிளம்பியிருக்கும் பெரியவர்களோடுதான். எந்தக் கருவி, என்ன விலை என்று ஆரம்பித்து மண்வெட்டியின் பிடி வரைக்கும் விஸ்தாரமாகச் சொல்லுகிறார்கள். எப்போது தோண்டக் கூடாது என்பதை மட்டும், போனால் போகிறதென்று, கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். பந்தல், மேளம், சமையல் எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பெண்ணின் சம்மதத்தைக் கடைசியில் கேட்பது போலிருக்கிறது!

கருவியில் அப்படி ஒன்றும் மாயமில்லை. கம்பிச் சுருள் ஒன்று மண்ணுக்குள் காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்னோட்டம் எழும்; அந்த எதிரொலியைக் கருவி வாங்கிக் காதில் 'கீ' என்று கத்துகிறது. அவ்வளவுதான். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட, டெலிபோன் தந்த கிரகாம் பெல்லே இப்படி ஒரு கருவியோடு போனார். மெத்தையில் இரும்புச் சுருள்கள் இருந்தன. ஒரு பக்கத்தைத் தவிர வேறெங்கும் தேட வைத்தியரும் விடவில்லை. குண்டு அகப்படவில்லை. பெல்லுக்கே இந்தக் கதி என்றால், பல அடி ஆழத்தில் தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் என்று விளம்பரம் செய்கிறவனிடம் பணத்தைக் கொடுப்பானேன்? சாதாரணக் கருவிக்கு ஒரு காசு ஒரு சாண் ஆழத்தில் தெரிந்தாலே பெரிது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1992 நவம்பரில், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற சிற்றூரில், ஒரு குடியானவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தேடித் தரும்படி நண்பர் எரிக் லாஸைக் கேட்டார். அவர் கருவியோடு போனார். சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் வந்தன. இந்த இடத்தில்தான் அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன்: கொஞ்சம் எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டார்! அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் தொல்லியல் அறிஞர்கள் வந்து மண்ணைப் பக்குவமாக விலக்கினார்கள். ஏறக்குறைய 15,000 நாணயங்கள், கழுத்தணிகள், கரண்டிகள், அரசியின் உருவில் செய்த மிளகுச் சிமிழ் ஒன்று. (அந்த மிளகு நம் தேசத்திலிருந்து கப்பலேறிப் போன சரக்கு என்பதை ஒரு பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.) மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எதன் மேல் எதை அடுக்கி வைத்தார்கள் என்பது கூடத் தெரிந்தது. லாஸ் ஆசையோடு வாரி மூட்டை கட்டியிருந்தால் பொன் மட்டும் மிஞ்சியிருக்கும். பெட்டியும் அடுக்கும் போயிருக்கும். பதினேழரை லட்சம் பவுன் சன்மானம் கிடைத்தது. அதை அவர் வயல்காரரோடு பங்கிட்டுக்கொண்டார். சுத்தியலும் அகப்பட்டது. அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2015-ல் லெம்ஸ்டர் என்ற ஊருக்கருகே வேறு இருவருக்கும் புதையல் கிடைத்தது. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ரகசியமாக விற்கத் தொடங்கினார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கருதுகிறார்கள். மீட்டது முப்பது சொச்சம். ஆல்ஃபிரட் மன்னனும், அவன் காலத்து இன்னொரு அரசன் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததற்குச் சாட்சி சொல்லும் காசுகள் அவை. அந்தச் சாட்சிகளில் பெரும்பகுதி எங்கே போயிற்றோ! 2019-ல் இருவரும் நீண்ட சிறைத் தண்டனை பெற்றார்கள். தண்டனை கொடுத்தால் காசு திரும்பி வருமா?

"அதெல்லாம் சீமைக் கதை, இங்கே யார் சன்மானம் தருகிறார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மிடமும் 1878-ல் இயற்றிய புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமை கோர யாரும் இல்லையென்றால் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு என்றும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த முக்கால் பங்கை யாராவது ஊரறியச் சொன்னதுண்டா? போலீஸ் வரும் என்ற பயத்தை மட்டும்தான் பரப்பியிருக்கிறோம். பயந்தவன் என்ன செய்வான்? ராத்திரியோடு ராத்திரியாக உருக்குவான். உருகின பொன்னுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. புதுக்கோட்டையில் 1898-ல் அகப்பட்ட 501 ரோமானியப் பொற்காசுகளை யாராவது உருக்கியிருந்தால், யவனர் வாணிபத்தைப் பற்றி நாம் பேசுகிற பேச்சில் எத்தனை குறைந்திருக்கும்!

ஆகவே, புதிதாகத் தொடங்கும் தம்பி, கோயில் மதிலோரமும் பழைய மேடும் உனக்கு வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் மண்ணைத் தொட 1958-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. பிறர் நிலமென்றால் சொந்தக்காரரைக் கேட்காமல் வரப்பில் கால் வைக்காதே. முதல் மாதம் உன் வீட்டுக் கொல்லையே போதும். ஓர் ஆணி, ஒரு செப்புக்காசு, சோடா மூடி, சிகரெட் பெட்டியின் ஈயக் காகிதம், ஒரு தங்க மோதிரம், இவற்றை வெவ்வேறு ஆழத்தில் புதைத்துவிட்டு ஒவ்வொன்றும் எப்படிக் கத்துகிறது என்று காதால் படித்துக்கொள். ஈயக் காகிதத்துக்கும் மெல்லிய மோதிரத்துக்கும் குரல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குப்பை வேண்டாமென்று கருவியின் வாயை அடைத்தால் தங்கத்தின் வாயும் அடைபடும். மோதிரத்தை மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் புதை. எந்த இடம் என்று ஒரு சீட்டிலும் எழுதி வை.