நகைப்பு யார் பக்கம்?

1841-ஆம் ஆண்டு இலண்டனில் 'பஞ்ச்' என்னும் கேலி ஏடு பிறந்தது. அதே ஆண்டில்தான் நீலமலையின்மேல் உதகை கிளப்பும் தோன்றிற்று. ஒன்று ஆள்வோரை எள்ளி நகையாட வந்த ஏடு; மற்றொன்று ஆள்வோர் இளைப்பாற எழுந்த மாடம்.

'பஞ்ச்' ஓவியர் மரக்கட்டையில் வரைவார். செதுக்குவோர் கோட்டை மட்டும் நிறுத்தி, மிச்சத்தைக் குடைந்தெடுப்பர். மை தடவி அழுத்தினால் ஆயிரமாயிரம் படிகள்! அவ்வாறே 1876-இல் டென்னியல், விக்டோரியாவிடம் பழைய முடிக்குப் புதுமுடி மாற்றித்தரும் தெரு வியாபாரியாகப் பிரதமர் டிஸ்ரேலியைக் காட்டினார். துணிவுதான். ஆனால் 1857-இல் அதே டென்னியல் நம்மை எப்படி வரைந்தார்? பிரிட்டிஷ் சிங்கம் பாய்ந்து பழிதீர்க்கும் வங்கப் புலியாக! சொந்த நாட்டுப் பிரதமரைக் குத்திய ஊசி, அடிமை நாட்டின்மீது ஈட்டியாயிற்று. கருவிக்குக் கட்சி இல்லை, தோழர்களே; அதைப் பிடிக்கும் கைக்கு உண்டு.

அக்கருவியை நம்மவர் கைப்பற்றினர். 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வார ஏட்டில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் ஏடுகளுக்கு அவரே வழிகாட்டி. 1908-இல் அடக்குமுறை பாய்ந்தது. ஏடு புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. படமும் உடன் சென்றது. அந்நியன் போனபின் அச்சம் போயிற்றா? 1987-இல் ஓர் அட்டைப்படக் கேலிக்காக ஆனந்த விகடன் ஆசிரியரைத் தமிழகச் சட்டமன்றமே சிறைக்கு அனுப்பிற்று!

நீலமலையில் செதுக்குவதற்குப் பொருள் இல்லையா? கோடைதோறும் சென்னை அரசு கோப்புகளைக் கட்டிக்கொண்டு மலையேறிய காலம் ஒன்று இருந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தில் சமவெளி மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். அரைவயிற்றுக் கூலிக்கு அவர்கள் வெட்டிய கால்வாய்க்கு ஆளுநர் பக்கிங்காமின் பெயர். அவர் ஆட்சியில்தான் உதகையில் ஆளுநர் மாளிகையும் எழுந்தது. கீழே மண்வெட்டி, மேலே மாளிகை! ஒரே கட்டையில் இரண்டு கட்டமாகச் செதுக்கினால் தலைப்பும் வேண்டுமோ?

அது பழங்கதை என்று சொல்லி ஒதுங்கிவிட இயலாது. பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு, மலையின் சிறு விவசாயிகள் ஆண்டாண்டாகக் குரல் கொடுத்துத் தொண்டை வறண்டுவிட்டனர். கோப்பையில் தேநீர் மணக்கிறது. கொழுந்து பறித்த கையில் காப்பு காய்த்திருக்கிறது. இதை வரையாத ஓவியன் எதை வரைவான்?

குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள இளைஞர்களே, ஒரு பலகையும் உளியும் எடுங்கள். வலியவனை நோக்கிச் சிரியுங்கள். மெலிந்தவனைக் கண்டு சிரிப்பது கேலியன்று, கொடுமை. மேலே பார்த்துச் சிரிப்பதே அரசியல்!