ஐந்து கோப்பைகளும் இரண்டு காலி வருடங்களும்

கடலூர் சில்வர் பீச்சில் சாயங்காலம் மட்டையும் பந்துமாக நிற்கும் பொடியன்களில் யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்வான்: 2010, 2011, 2018, 2021, 2023. சென்னை சூப்பர் கிங்ஸ் ஐ.பி.எல். கோப்பையைத் தூக்கிய வருடங்கள். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் மஞ்சள் பனியனோடு சைக்கிள் மிதிக்கும் பிள்ளைக்கும் இது மனப்பாடம்.

"2016, 2017ல நம்ம டீம் என்னடா ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர், "அதெல்லாம் சதிங்க" என்பார்கள்.

அந்த இரண்டு வருடமும் அணி ஆடுகளத்திலேயே இல்லை. இரண்டாண்டுத் தடை!

கதை 2013 மே மாதம் தொடங்கியது. ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூன்று பேர் கைதானார்கள். அடுத்து மே 24 அன்று, சென்னை அணியின் நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பனை மும்பை போலீஸ் கைது செய்தது. குற்றச்சாட்டு, ஐ.பி.எல். ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டினார் என்பது. அணியை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநரும், அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராகவும் இருந்த சீனிவாசனுக்கு அவர் மருமகன். இரண்டே நாளில் கொல்கத்தாவில் இறுதிப் போட்டி. அதில் சென்னை, மும்பையிடம் 23 ரன்னில் தோற்றது.

'அவர் அணியின் அதிகாரியே அல்ல, வெறும் கிரிக்கெட் ஆர்வலர்' என்றொரு வாதம் வைக்கப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். முத்கல் குழு அதை ஏற்கவில்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அவர் அணியின் அதிகாரிதான், பந்தயம் கட்டியது உண்மைதான் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளுக்கும் தடை விதித்தது.

இதற்குப் பிறகு அந்தக் கோப்பைகளின் மினுமினுப்பு குறைந்துவிட்டதா, இல்லையா? கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பிக்கும் இந்த வாக்குவாதம் சிதம்பரம் வந்து இறங்கும் வரை ஓயாது. 'ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதாதா?' என்பது ஒரு கட்சி. 'எவரோ செய்ததற்கு வேர்வை சிந்திய வீரன் என்ன செய்வான்?' என்பது இன்னொரு கட்சி.

இரண்டிலும் நியாயம் உண்டு. தீர்ப்பு சொல்ல ஒரு கேள்வி உதவும். அந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால், அதே வெற்றி வந்திருக்குமா?

இத்தாலியின் யுவென்டஸ் கால்பந்து கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று முடிவு செய்கிறவர்களோடு கிளப் நிர்வாகி நடத்திய தொலைபேசிப் பேச்சுகள் 2006ல் வெளியே வந்தன. நடுவர் விஷயத்திலேயே கை வைத்தால் ஜெயித்ததை எப்படி நம்புவது? இரண்டு பட்டங்களைப் பறித்து, அணியை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். இன்றைக்கும் அந்த கிளப் பறிபோன இரண்டையும் சேர்த்துத்தான் தன் பட்டங்களை எண்ணுகிறது. மற்றவர்கள் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

ஆஸ்திரேலியா கதை வேறு. 2018ல் கேப்டவுன் டெஸ்ட்டில் உப்புத்தாளால் பந்தைத் தேய்த்து மாட்டினார்கள். ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஓராண்டுத் தடை. 2023 உலகக் கோப்பையை வென்ற அணியில் அந்த இருவருமே இருந்தார்கள். கோப்பையை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் உப்புத்தாள் பேச்சு அவர்களை விட்டுப் போகவில்லை.

சென்னை அணியின் கணக்கு என்ன? நிரூபணமானது நிர்வாகத்தில் இருந்தவர் பந்தயம் கட்டியது. 2010, 2011 கோப்பைகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆகவே அவை அணிக்கே சொந்தம். ஆனால் தடையும் அணிக்கே சொந்தம். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் 'சதி' என்று தள்ளிவிட முடியாது.

அந்தத் தடைக்கு விலை கொடுத்தவர்கள் தப்பே செய்யாதவர்கள். தோனி புனே அணிக்குப் போனார், ரெய்னா குஜராத்துக்குப் போனார். சேப்பாக்கத்தில் மஞ்சள் கொடி ஆட இடமில்லை. 2018ல் திரும்பி வந்தபோதும், காவிரிப் போராட்டத்தால் ஒரே ஆட்டத்தோடு சென்னையை விட்டுப் புனேவுக்கு மாறவேண்டி வந்தது. ரசிகர்கள் சிறப்பு ரயில் ஏறிப் போய் விசிலடித்தார்கள். 'வயசானவங்க டீம்' என்று கேலி செய்தார்களே, அந்த அணிதான் வாட்சன் அடித்த 117 ரன்னோடு கோப்பையை வென்றது. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து ஜெயித்தது அது. அதனாலேயே அந்தக் கோப்பைக்கு மதிப்பு அதிகம். தடையை மறைத்துவிட்டால் அந்த வெற்றியின் அருமையும் சேர்ந்தே மறைந்துபோகும்.

ரசிகனின் பாசமும் கோப்பைக் கணக்கில் ஓடுவதில்லை. 2020ல் சென்னை அணி ஏழாம் இடத்தில் கிடந்தது. கடலூர் மாவட்டத்தில் ஒரு ரசிகர் தன் வீட்டுக்கே மஞ்சள் வண்ணம் அடித்தது அந்த வருடம்தான்! இவ்வளவு பாசம் இருக்கிற இடத்தில் உண்மையைச் சொல்லப் பயம் எதற்கு?

இது ஐ.பி.எல்.லோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஊர்ப் போட்டியில் வெளியூர் ஆட்டக்காரனை உள்ளூர்ப் பெயரில் இறக்குவதும், பள்ளி அணிக்காக வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குவதும் புதிதல்ல. 16 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கும் நிலைக்கு கிரிக்கெட் வாரியமே வந்துவிட்டது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் கால்பந்தில் இந்திய அணி வரை போனார். அப்படி ஓடக்கூடிய ஒரு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய இடத்தைத்தான் ஒவ்வொரு பொய்ச் சான்றிதழும் தட்டிப் பறிக்கிறது. கோப்பை பள்ளி அலமாரியில் பளபளக்கும். இடம் இழந்த பிள்ளையின் பெயர் எங்கேயும் இருக்காது.

ஆகவே, "தாத்தா, நம்ம டீம் திருட்டு டீமா?" என்று பேரன் கேட்டால் மழுப்ப வேண்டாம். "இல்லடா கண்ணு. டீமை நடத்துன இடத்துல ஒருத்தர் தப்புப் பண்ணாரு. அதுக்கு ரெண்டு வருஷம் எல்லாரும் வெளியில நின்னாங்க. அப்புறம் திரும்பி வந்து ஆடி ஜெயிச்சாங்க" என்று சொன்னால் போதும். அடுத்த முறை கோப்பை வருடங்களை ஒப்பிக்கும்போது, நடுவில் அந்த இரண்டு வருடத்தையும் அவனே சேர்த்துச் சொல்லுவான்.