வீட்டுக்குள் கணினி: தூங்கி எழுந்ததும் ஏன் இந்தச் சோம்பல்?

மருதமுனையில் இருக்கும் என் ராத்தா ஒரு நாள் கோல் எடுத்தார். "தம்பி, இந்த மாசம் சீட்டு எனக்கு விழுந்திரிக்கி. அந்தக் காசில மகனுக்கு வேற லெப்டொப் எடுக்கலாமெண்டு பாக்கன். இரிக்கிறது பழுதாப் போச்சாம்" என்றார்.

அந்தச் சீட்டுக் காசு எதற்காகச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். மாரி தொடங்குமுன் குசினிக் கூரையை மாற்ற வேண்டும். "காசைக் கையில வைங்க ராத்தா, வெள்ளிக்கிழமை நான் வந்து பாக்கன்" என்றேன்.

லெப்டொப்பில் அவன் விளையாடுவது உதைபந்தாட்ட கேம். 'பிள்ளை விளையாட்டுக்கா இவ்வளவு யோசனை?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் வேறு. மச்சான் கட்டாரில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே பின்நேரம் 5.30. அந்த நேரத்தில் வாப்பாவும் மகனும் இன்டர்நெற் வழியாக ஒரு மணித்தியாலம் மெட்ச் ஆடுவார்கள். சாதாரணமாகப் போனில் "ம்", "சரி வாப்பா" என்பதற்கு மேல் வாய் திறக்காத பிள்ளை, பந்தை உருட்டிக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்வானாம். கேம் இழுபடத் தொடங்கியதும் அந்த ஒரு மணித்தியாலம் கால் மணித்தியாலமாகிவிட்டது. ராத்தாவின் கவலை அதுதான்.

கடையிலே காட்டியிருக்கிறார்கள். அவர்கள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. "ஆனால் மெஷின் பழசு, குடுத்துட்டு மேலதிகம் போட்டு வேற எடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நான் போய் மருமகனிடம் கேட்டது ஒன்றுதான். எப்போது நன்றாக ஓடுகிறது, எப்போது இழுக்கிறது? கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அஸருக்குப் பிறகு ஆடினால் பிரச்சினை இல்ல மாமா. மஃரிபுக்கு மூடி வெச்சிட்டு, இஷாவுக்குப் பிறகு திறந்தால்தான் ஆக்கள் சேத்துக்குள்ள ஓடுற மாதிரி ஓடுறாங்க."

பாதி வைத்தியம் அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. மெஷின் பழசு என்றால் அஸருக்கும் பழசாகத்தானே இருக்க வேண்டும்?

மூடியை மூடினால் லெப்டொப் அணைவதில்லை, தூங்குகிறது. இரவில் நாம் வீட்டு விளக்கெல்லாம் அணைத்துவிட்டு பிறிஜ்ஜை மட்டும் விடுகிறோம் அல்லவா, அப்படித்தான். நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மற்றவை அனேகமாக அணைந்துவிடும். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று கம்பனிகளும் சேர்ந்து இந்தத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் பொதுவான ஓர் ஒழுங்கை வெளியிட்டன. அதற்குப் பின்னர் புதுவகைத் தூக்கங்களும் வந்துவிட்டன. எந்த வகையானாலும் எழும்போது செய்ய வேண்டியது ஒன்றே. மூளையாகிய புரொசெசர், படம் வரையும் கிராஃபிக்ஸ் பகுதி, விசிறி, வைஃபை ஆகிய ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதில் ஒன்று பாதித் தூக்கத்தில் நின்றுவிட்டால், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், வேகம் மட்டும் வராது.

பாதித் தூக்கத்தில் நிற்பது எது என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கட்டைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் புரொசெசரின் வேகம் கிகாஹேட்ஸ் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். மூடுவதற்கு முன் கேம் ஓடும்போது பார்த்தோம்: 3க்கு மேல். மூடித் திறந்து அதே கேமைப் போட்டுப் பார்த்தோம்: 0.79. என்ன செய்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை.

அடுத்த உண்மை குசினிப் பக்கத்திலிருந்து வந்தது. சார்ஜர் செருகுகிற பிளக்கில்தான் ராத்தா பின்நேரம் அயன் பண்ணுகிறார். ஆகவே மகன் மூடியவுடன் சார்ஜரைக் கழற்றிவிடுகிறான். இரவு மூடியைத் திறந்துவிட்டு, பிறகுதான் சார்ஜரைத் தேடிக் கொளுவுகிறான். மெஷின் கண் விழிக்கும்போது பற்றரி மட்டும்தான் இருக்கிறது. 'சிக்கனமாக இரு' என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்கிறது. பிறகு சார்ஜர் வந்தாலும் அந்தக் கட்டளையை எடுப்பதில்லை. சோதித்துப் பார்த்தோம். சார்ஜரை முதலில் கொளுவிவிட்டு மூடியைத் திறந்தால் 3. திறந்துவிட்டுக் கொளுவினால் 0.79. திரும்பத் திரும்பச் செய்தும் அதேதான். ராத்தா அயன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று பார்த்தார்.

"ஒருக்கா ஷட் டவுன் பண்ணி எழுப்பியும் பார்த்தேன் மாமா, அப்பவும் அப்படித்தான்" என்றான் மருமகன். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழும்ப வேண்டும் என்பதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், உள்ளேயிருக்கும் அடிப்படைப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும். கோளாறும் சில வேளை கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும். இந்தப் பெயரை வைத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நிரந்தர மருந்து, லெப்டொப் செய்த கம்பனியின் தளத்திலிருந்து அந்த மொடலுக்கே உரிய பயோஸையும் டிரைவர்களையும் புதுப்பிப்பது. பயோஸ் எழுதும்போது கரண்ட் நின்றால் மெஷினே எழும்பாமல் போகலாம். பற்றரி நிறைய இருக்க வேண்டும், சார்ஜரும் கொளுவியிருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் நின்றதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்த வினை என்று அமைச்சர் சொன்னார். குரங்கு நேரம் பார்த்து வருவதில்லை.

உங்கள் வீட்டில் காரணம் வேறாக இருக்கலாம். புரொசெசர் வேகம் சரியாக இருந்தும் படம் இழுத்தால் கிராஃபிக்ஸ் பக்கம் பாருங்கள். விண்டோஸ் கட்டையுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், பி சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதோடு சரியாகிவிட்டால் குற்றவாளி டிரைவர்தான். பெரிய திரை இணைத்திருப்பவர்கள், 144 ஹேட்ஸில் வைத்திருந்தது எழுந்ததும் 60க்கு இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். கேமைத் திறந்தபடியே மூடியை மூடுவதையும் விட்டுவிடுங்கள். மூடுமுன் கேமிலிருந்து வெளியே வந்துவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தூங்குகிற கணினிக்குக் கரண்ட் நின்றால் நினைவகத்தில் இருந்தது எல்லாம் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது பாடக் குறிப்புகளை இழந்த பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு. ஹைபர்னேட் என்ற முறை எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும். எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரம் இருக்கிறவர்களுக்கு ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அதே உப்புக் காற்றுத்தான் லெப்டொப் விசிறிக்குள்ளும் போகிறது. தூசியும் உப்பும் சேர்ந்து வழியை அடைத்தால் சூடேறி வேகம் குறையும். ஆனால் அது வேறு நோய். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் வரும், ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் சென்றுதான் வரும். தூக்கத்தால் வருவது திறந்த முதல் நிமிடத்திலேயே தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு விசிறிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ராத்தா வீட்டில் இப்போது அயனுக்கு வேறு பிளக் போட்டாகிவிட்டது. கூரை மேசனும் வந்து அளந்துவிட்டுப் போனார். போன வெள்ளி இரவு மச்சான் 4-1 என்று தோற்றாராம். "இப்ப என்ட லெப்டொப்தான் சரியில்ல போல" என்று எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்.