கடலில் மூண்ட போரும் நம் அடுப்பும்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நாம் கடலைக் காண்பது அரிது. ஆயினும் கடலில் மூண்ட போர் நம் அடுப்பங்கரையை எட்டியதுண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் அன்றே மூழ்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது; மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னைவாசிகள் பலர் உள்நாட்டு ஊர்களை நாடி ஓடினர். மார்ச்சிலேயே இரங்கூன் வீழ்ந்து, பர்மா அரிசி வரவும் நின்றுபோயிற்று. கம்பும் சோளமும் உண்ட ஏழைக் குடும்பங்களும் விலையேற்றத்துக்குத் தப்பவில்லை.

ஆதலின், தூரதேசத்துப் போரை ‘நமக்கென்ன?’ என்று தள்ளாதிருப்போமாக. அகதிக்கென ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்போம். இருதரப்பிலும் மடிந்தோர்க்காக இன்றிரவு குடும்ப செபமாலையில் மன்றாடுவோம்.