வாயில்லா ஜீவனுக்கு வைத்தியச் செலவு

மனிதனுக்கு நோய் வந்தால் போவதற்கு மும்பையில் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ., ரயில்வே சிப்பந்திக்கு ரயில்வே ஆஸ்பத்திரி, மத்திய அரசு குமாஸ்தாவுக்கு சி.ஜி.எச்.எஸ். என்று ஏதோ ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் அதே தொழிலாளியின் வாசலில் படுத்திருக்கும் நாய்க்கோ, அதே குமாஸ்தாவின் அடுப்பங்கரையைச் சுற்றிவரும் பூனைக்கோ நோய் வந்தால், செலவு முழுவதையும் அன்றைக்கே கையிலிருந்து ரொக்கமாக எண்ணி வைத்தாக வேண்டும். அது மாதத்தின் முதல் வாரமா, கடைசி வாரமா என்று நோய் பார்ப்பதில்லை.

இதைப் பணக்காரர்களின் பிரச்சினை என்று தள்ளிவிடுவது சரியன்று. மலபார் ஹில் மாளிகைகளில் மட்டும் நாய் வளர்வதில்லை. தாராவிச் சந்துகளிலும், சயன் கோலிவாடாவிலும், ஆண்டாப் ஹில் குடியிருப்புகளிலும், டோம்பிவிலி ஒற்றை அறை வீடுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நாயும் பூனையும் வளர்க்கின்றன. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டுக்குக் காவல் அந்த நாய்தான். ஊரையும் உறவையும் விட்டு வந்த குழந்தைகளுக்கு விளையாட்டுத் தோழனும் அதுதான். மாளிகை நாய்க்குச் செலவு செய்ய மாளிகையில் பணமிருக்கிறது. குடிசை நாய்க்கு நோய் வரும்போதுதான் கேள்வி எழுகிறது.

அப்படி நோய் வரும்போது நடப்பது என்ன? சிலர் கைமாற்று வாங்குகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் தோடு, மூக்குத்தியை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். வேறு சிலர் தாங்களே வைத்தியர்களாகி, மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்கள். இது மிகுந்த ஆபத்து. மனிதரின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. மனிதர் வலிக்காகச் சாப்பிடும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் உயிரையே இழக்கும் வைத்தியம் இது.

மூன்றாவது வகையினர் செய்வதுதான் மிகவும் வருந்தத்தக்கது. இரவில் சாக்குப் பையில் கட்டித் தூக்கிப் போய், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ மார்க்கெட் ஓரத்திலோ விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வைத்துள்ள அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். இன்று இரண்டு வடா பாவுக்குக்கூடச் சரியாக வராத தொகைக்கு யார் பயப்படுவார்கள்? கைவிடுகிறவர்கள் எல்லாரும் கல் நெஞ்சர்கள் அல்லர் என்பதையும் மறப்பதற்கில்லை. வைத்தியத்துக்கு வழி தெரியாமல், கண்ணெதிரே அது சாவதைக் காணவும் சகிக்காமல் செய்கிறவர்களே பலர். சட்டம் அவர்களைத் தண்டிக்கலாம். ஆனால் வழி காட்டவில்லை.

பிராணி வைத்தியர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்ற புகார் அடிக்கடி கேட்கிறது. எல்லா இடத்திலும் அது நியாயமான புகார் ஆகாது. எக்ஸ்ரே இயந்திரமும் ரத்தப் பரிசோதனையும் மயக்க மருந்தும் மனிதருக்கானாலும் நாய்க்கானாலும் விலை கொண்டவை. மனிதர் ஆஸ்பத்திரியில் அந்த விலையின் பெரும்பகுதியை அரசாங்கமோ முதலாளியோ ஏற்பதால், அது நோயாளியின் கண்ணில் படுவதில்லை. பிராணி விஷயத்தில் முழுத் தொகையும் பட்டியலாகக் கைக்கு வருகிறது. பிராணிகளுக்குக் கிளினிக்குகள் அளிக்கும் வைத்தியச் சேவைக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது என்பது ஒரு சிறிய ஆறுதல். சிகிச்சை தொடங்கும் முன்பே, மொத்தம் எவ்வளவு ஆகும், எது உடனே வேண்டும், எது பொறுக்கும் என்று கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. நல்ல டாக்டர் அதைச் சொல்வார். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு மும்பை நகரம் முன்பே ஒரு பதில் கண்டிருக்கிறது. 1832-ல் தெரு நாய்களைக் கொல்லும் உத்தரவை எதிர்த்து இந்த நகரில் பார்சிகள் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பின்னர் 1834-ல் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயும் குஜராத்தி வணிகர்களும் சேர்ந்து புலேஷ்வரில் பிஞ்சராபோல் என்ற பிராணிகள் காப்பகத்தை ஏற்படுத்தினார்கள். அதை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது? பருத்தி முதலிய சரக்குகளின் மீது வணிகர்கள் தாங்களே ஒரு சிறு தொகையை விதித்துக்கொண்டார்கள். தமிழர்களுக்கு இது புதிய விஷயமன்று. தென்மாவட்ட வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடித்துப் பள்ளிக்கூடங்கள் கட்டிய மகமை முறைதான் இது.

பின்னர் ஆலை அதிபர் சர் தின்ஷா பெட்டிட் தம் மனைவி பாய் சக்கர்பாயின் பெயரில் ஏற்படுத்திய பிராணிகள் ஆஸ்பத்திரி பரேலில் வந்தது. அதை ஒட்டி 1886-ல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. டிராம் வண்டி இழுத்த குதிரைக்கும் பாரவண்டி மாட்டுக்கும் வைத்தியம் செய்த அந்த இடத்தை மக்கள் இன்றும் ‘பைல் கோடா’ ஆஸ்பத்திரி, அதாவது மாடு குதிரை ஆஸ்பத்திரி, என்றே சொல்கிறார்கள். சென்னையில் வேப்பேரி எப்படியோ, மும்பையில் பரேல் அப்படி. 2024-ல் மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளையின் பெரிய பிராணிகள் ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது.

இவை பெருமைக்குரியவை. ஆனால் இரண்டும் நகரின் தென்பாதியில் இருக்கின்றன. தகிசரிலும் முலுண்டிலும் மான்குர்திலும் இருப்பவர், நடக்க முடியாத நாயைத் தூக்கிக்கொண்டு நெரிசலான லோக்கல் வண்டியில் ஏற முடியாது. டாக்சிக்காரரோ ஆட்டோக்காரரோ ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தாலும், போய்வரும் கூலியே வைத்தியக் கூலிக்குச் சமமாகிவிடும். ஒரு நாள் சம்பளமும் போகும். ஆகவே பெரிய ஆஸ்பத்திரி இருப்பது மட்டும் போதாது.

இந்தச் செலவை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் யார் எதைக் கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகும். முதலாவது, முன்கூட்டியே தெரிந்த செலவு. இரண்டாவது, திடீரென்று வரும் செலவு. மூன்றாவது, ஊர் நலனுக்கான செலவு.

முன்கூட்டியே தெரிந்த செலவை வளர்ப்பவர்தான் ஏற்க வேண்டும். குட்டி பிறந்த ஆறு முதல் எட்டு வாரங்களில் தொடங்கிப் போடவேண்டிய தடுப்பூசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் காலத்தில் அதை மறுபடி போடுவது, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ஆகியவை இதில் அடங்கும். பார்வோ என்ற தொற்றுநோய் கண்ட குட்டி வாந்தியிலும் ரத்தக் கழிச்சலிலும் இரண்டொரு நாளில் துவண்டுவிடும். பல நாள் குளுக்கோஸ் ஏற்றியும் சில சமயம் பிழைப்பதில்லை. அதைத் தடுக்கும் ஊசியின் விலை, அந்தச் சிகிச்சையின் விலையில் ஒரு சிறு பகுதிதான். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால், வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடித்து அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்யும் நிலையும் வராது. மாதம் 100 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் சேரும். அதைக்கூட ஒதுக்க முடியாத வீட்டில், குழந்தை அழுகிறது என்பதற்காகக் குட்டியை வாங்கிவருவது அந்த ஜீவனுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது.

திடீரென்று வரும் செலவைத் தனி மனிதர் ஒருவர் தாங்க முடியாது. பலர் சேர்ந்துதான் தாங்க வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தின் தத்துவமும் அதுவே. 2019 ஜூலை முதல் அதில் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், அதாவது ஆயிரத்துக்கு ஏழரை ரூபாய். அந்தச் சிறு பிடித்தமும் முதலாளியின் பங்கும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கின்றன. பிராணிகளுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. கடன் வாங்கிய கறவை மாட்டின் காதில் வில்லை மாட்டி இன்ஷூர் செய்வதை ஊரில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாய்க்கான பாலிசிகளும் விற்கப்படுகின்றன. மேல்நாடுகளில் ஸ்வீடன் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பெரும்பாலான நாய்கள் இன்ஷூர் செய்யப்பட்டவை. ஆனால் பாலிசி வாங்கும் முன் நன்றாக விசாரிக்க வேண்டும். முன்பே உள்ள நோய்க்குப் பணம் தரமாட்டார்கள். தடுப்பூசிச் செலவு பொதுவாகச் சேராது. வயது வரம்பு உண்டு. சில பாலிசிகள் பிராணி இறந்தால் மட்டும் பணம் தரும். வைத்தியத்துக்குத் தருமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எட்டாதவர்களுக்குச் சீட்டு இருக்கிறது. தமிழர் வாழும் சாலிலும் காலனியிலும் சீட்டு நடக்காத இடமில்லை. பிராணி வளர்க்கும் 20 குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் ஆகும். அதை ஒரு பொது நிதியாக வைத்து, யார் வீட்டு நாய்க்கு அவசரம் வந்தாலும் வட்டியில்லாமல் கொடுத்துத் தவணையில் திரும்ப வாங்கலாம். கணக்கை நோட்டில் எழுதி எல்லாரும் பார்க்க வைத்தால் சண்டை வராது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் காட்டும் உற்சாகத்தில் ஒரு பங்கை இதற்குக் காட்டினால், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பிலேயே தடுப்பூசி முகாமும் நடத்தலாம். நூறு நாய்களுக்கு ஒரே இடத்தில் ஊசி போட டாக்டரை அழைத்தால் தலைக்கு ஆகும் செலவும் குறையும்.

மூன்றாவதாகச் சொன்னது ஊர் நலனுக்கான செலவு. ரேபிஸ் நாயோடு நிற்கும் நோயன்று. அதன் அறிகுறி மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. எலிக் காய்ச்சலும் பிராணியோடு நிற்கும் நோயன்று. 2005 ஜூலை 26-ஆம் தேதி வெள்ளத்துக்குப் பிறகு மும்பையில் அது எத்தனை வீடுகளைத் துக்கத்தில் ஆழ்த்தியது என்பது பழைய குடியிருப்புவாசிகளுக்கு நினைவிருக்கும். எலியும் நாயும் மனிதரும் அடுத்தடுத்து வாழும் சேரிகளில், நாய்க்குப் போடும் ஊசி குழந்தைக்கும் பாதுகாப்பு. ஆகவே இந்தச் செலவை ஏழையின் தலையில் கட்டுவது கஞ்சத்தனம் மட்டுமன்று, அறிவீனமும் ஆகும். நாய் வளர்ப்பவர் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று மாநகராட்சி கேட்கிறது. கேட்கட்டும். அந்த லைசென்சைக் கொடுக்கும் இடத்திலேயே ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போட்டால், லைசென்ஸ் எடுப்பவர்களும் பெருகுவார்கள், நோயும் குறையும். வார்டுக்கு ஒரு சிறிய பிராணி மருந்தகம், குறைந்த கட்டணம், வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதாக மாலை நேரம் - இதுதான் தேவை.

இது நடக்காத காரியம் அன்று. 1917-ல் லண்டனின் ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் மரியா டிக்கின் என்ற மாது ஒரு கட்டடத்தின் கீழறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் தொடங்கினார். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த கஷ்ட காலம் அது. பொதுமக்களின் நன்கொடையால் வளர்ந்த அந்த ஸ்தாபனம் இன்றும் பிரிட்டனில் வசதியற்றோரின் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறது.

எல்லா நோய்க்கும் எவ்வளவு செலவானாலும் வைத்தியம் செய்தே தீரவேண்டும் என்பதில்லை. பிழைக்க வழியே இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்ன பின், குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தை அதில் போடுவது யாருக்கும் நன்மையன்று. வலியில்லாமல் முடித்து வைப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். பணமில்லை என்பதற்காகக் குணமாகக் கூடிய உயிர் சாவதையே தடுக்க வேண்டும்.

உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது. கடமையைச் சட்டத்தில் எழுதிய அரசு, அதைச் செய்ய ஏழைக்கும் ஒரு வழி அமைத்துத் தர வேண்டும். அதுவரை மக்கள் சும்மா இருக்கவும் கூடாது. மழைக்காலம் வருமுன் ஊசியும், மாதந்தோறும் உண்டியலில் சிறு தொகையும், குடியிருப்பில் ஒரு பொது நிதியும் இருந்தால், நோய் வரும் இரவில் அடகுக் கடையையோ சாக்குப் பையையோ தேட வேண்டியிராது.